இன்னொரு தரம் கேட்டால்

வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது. மைதானத்து வாசலில் சோதித்து உள்ளே விட்டதுமே மாப்பிள்ளை நந்தகுமார் கேட்கத்தான் செய்தார், "அத்தை, தண்ணி வாங்கட்டுமா?" என்று. சண்முகவடிவின் வாய் தன் பாட்டுக்கு, "வேண்டாம் மாப்ள, எதுக்கு" என்றது. அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ஐந்து மாதக் குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, அதன் காதில் சத்தம் புகாமலிருக்க மாட்டியிருந்த நீலக் கிண்ணங்கள் இரண்டும் ஆட, படியேறப் போய்விட்டார். அவ்வளவுதான், தண்ணீரின் கதை முடிந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் துணிப்பையோடு காரிலேயே கிடக்கிறது. துணிப்பையை உள்ளே விடமாட்டார்களாம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோக வேண்டுமாம். மகள் கோமதியின் பை அப்படிப்பட்டது. அதில் சண்முகவடிவின் சர்க்கரை மாத்திரை அட்டை ஊருக்கெல்லாம் காட்சி கொடுத்துக்கொண்டு கிடந்தது. இப்போது வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. கோவில்பட்டி வெயிலுக்கு முன்னால் இது வெயிலே இல்லைதான். ஆனாலும் தாகம் தாகம்தானே. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டுகிறது. இன்னொரு தரம் கேட்பார் என்று ஒன்றரை மணி நேரமாகக் காத்திருக்கிறாள். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நல்ல பிள்ளை. சென்னையில் வளர்ந்து இங்கே வந்து பதினான்கு வருஷம். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிற நேர்மை இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது போலிருக்கிறது. கோவில்பட்டிப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டால், முதல் தரம், இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன் என்பார்கள். இரண்டாம் தரம், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தரம் கேட்டால், சரி, அரை டம்ளர். அப்புறம் முழு டம்ளரும் போகும். கேட்ட மாத்திரத்தில் கையை நீட்டுகிறவளுக்குக் காணாததைக் கண்டவள் என்று பேர். கேட்கிறவருக்கும் இது தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அடுப்பில் பால் முதல் தரம் கேட்கும்போதே ஏறியிருக்கும்.

தண்ணீரை விடு. தண்ணீர் இல்லாமல் ஒரு பகல் போனால் உயிரா போய்விடும்? மூன்று வாரத்துக்கு முன்னால் சொன்ன வேண்டாம்தான் நெஞ்சில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கோமதி பின்னால் வந்து நின்று, "அம்மா, பதினெட்டாம் தேதியோட ஆறு மாசம் முடியுது. ஊருக்கு டிக்கெட் போடவா?" என்று கேட்டாள். அந்த நிமிஷத்தில் சண்முகவடிவுக்குக் கையிலிருந்த கரண்டியே எடை குறைந்துவிட்டது. போடு, இன்றைக்கே போடு என்று உள்ளே ஒருத்தி குதித்தாள். வாய் என்ன சொன்னது? "வேண்டாம்டி, இப்ப என்ன அவசரம்?" சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள். இனி கோமதி, இல்லம்மா, அப்பா தனியா இருக்காரே என்பாள். அதற்கு ஒரு, அதுவும் சரிதான் என்று இழுக்கலாம். அவள் மறுபடி கேட்பாள். அப்போது, உன் இஷ்டம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். முழுக்கணக்கும் மனசில் போட்டாயிற்று. கோமதி, "அப்ப சரிம்மா" என்று சொல்லிவிட்டு இரண்டு தோசையைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மத்தியானமே மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்து, இன்னும் ஆறு மாதம் இருக்க அனுமதி கேட்கிற ஃபாரத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். பாஸ்போர்ட்டைக் கேட்டார், கொடுத்தாள். போட்டோ எடுக்கச் சுவரோரம் நிற்கச் சொன்னார், நின்றாள். ஃபாரம் முடிந்துவிட்டது. இன்று காலையில் காரில் வரும்போது, "ராத்திரி சாப்பிட்டுட்டு சப்மிட் பண்ணிடறேன் அத்தை" என்றார். ஒரு பட்டன்தானாம். அதைத் தட்டுவதற்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும். நான் ஊருக்குப் போக வேண்டும். நாலே வார்த்தை. நாலு மூட்டை நெல்லைத் தூக்கச் சொன்னால்கூட ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். இந்த நாலு வார்த்தையை அவளேதான் தூக்க வேண்டும்.

கீழே புல்தரையில் என்னமோ நடந்துகொண்டிருந்தது. ஒருத்தன் மேட்டில் நின்று வெகுநேரம் யோசிக்கிறான். யோசித்துவிட்டு எறிகிறான். இன்னொருத்தன் உருண்டையான கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான், அடிக்காமல் விட்டுவிடுகிறான். மறுபடி யோசனை. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கும் பந்திக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நேரம் போல இருந்தது. "பேஸ்பால்ல மூணு ஸ்ட்ரைக் அத்தை," என்று நந்தகுமார் குனிந்து காதோரம் சொல்லிக்கொடுத்தார். "கிரிக்கெட் மாதிரி ஒரே பால்ல அவுட் கிடையாது. மூணு தடவை விட்டாத்தான் அவுட்." அப்படிச் சொல்லுங்க என்று நினைத்துக்கொண்டாள். பந்துக்கு மூன்று தரம் கொடுக்கிறார்கள், பெற்றவளுக்கு ஒரு தரம். சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு வெடிக்கும்போலக் காய்ந்திருந்தது. இந்த இடமே பத்து வருஷத்துக்கு முன்னால் இருட்டினால் யாரும் வராத இடமாம், புகையிலை மூட்டை அடுக்கிவைத்த கிட்டங்கிகளாம், கண்ணாடி எல்லாம் உடைந்து கிடந்ததாம். இப்போது பார், சுற்றிலும் கண்ணாடி மாளிகை, காப்பிக் கடை, பூத்தொட்டி, நாய்க்குத் தண்ணீர் வைக்கக் கிண்ணம். வருகிற வழியில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். ததும்பத் ததும்ப இருந்தது. நாயிடம் யாரும் வேண்டுமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். இடது கோடியில் மட்டும் பழைய கிட்டங்கியின் செங்கல் சுவர் ஒன்றை இடிக்காமல் விட்டிருந்தார்கள். பின்னால் கட்டடம் இல்லை, கூரை இல்லை. சுவரும் அதில் நாலு ஜன்னலும் மட்டும் இரும்புக் கம்பிகள் முட்டுக் கொடுக்க நிற்கின்றன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வானம். "பழசை மதிச்சு வச்சிருக்காங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை பெருமையாக. மதிக்கட்டும். ஆனால் அந்தச் சுவர் உட்கார வேண்டாமா? அவளுக்கு இடது முட்டி விண் விண் என்றது. இந்த ஆறு மாதமாக அவள் பகலில் முதுகைச் சாய்த்தது எத்தனை நாள்? குழந்தை தூங்கும்போது சமையல், சமையல் முடியும்போது குழந்தை எழும். கோமதிக்கு மாடியில் மீட்டிங் மேல் மீட்டிங். மூன்று மாதம் பனி. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல் குக்கரிடம் பேசியிருக்கிறாள், இன்னும் ஒரு விசில் விடு தாயி, அணைச்சிருதேன் என்று. பேத்தி மேல் ஆசை இல்லையா? உயிரே அதுதான். ஆனாலும் அலுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது ஆசையிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வரும்? தன் வீட்டுச் சிமெண்ட் தரையில் முந்தானையை விரித்து ஒரு மத்தியானம் படுக்க வேண்டும். யாரும் எழுப்பாமல். வேறு ஒன்றும் வேண்டாம்.

அவருக்காகப் போகிறேன் என்று சொல்லலாம். கணவர் அருணாசலம் கோவில்பட்டியில் தனியாகத்தான் இருக்கிறார். தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற மனுஷர், வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. காலையில் போனில், "எனக்கு ஒண்ணுமில்ல, நீ இருந்துட்டு வா" என்றார். கொஞ்சம் கழித்து, "நீ ஒண்ணும் அவசரப்பட்டு வரவேண்டாம்" என்றார். வைக்கும்போது மறுபடி, "வரவேண்டாம், கேட்டியா?" என்றார். ஒரு தரம் சொன்னால் அது வேண்டாம். மூன்று தரம் சொன்னால் எப்போ வருவே என்று அர்த்தம். நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்கு இதுகூடத் தெரியாதா? அவருக்காக என்றால் கோமதி உடனே விட்டுவிடுவாள். ஆனால் அது பொய். அவருக்காக இல்லை, எனக்காக. எனக்கு முடியவில்லை. இதைச் சொல்ல ஏன் இத்தனை கூச்சம்? அவள் ஒன்றும் வாயில்லாப் பூச்சியாக வாழ்ந்தவள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டர். வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்ட காலத்தில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் கலெக்டர் ஆபீசாக இருந்தாலும் அவள் குரலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து, மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா என்று கேட்பாள். ஒரே தரம். வேண்டாம் என்றால் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், அடுத்தவர் காத்திருக்கிறார். ஆமாம், ஒரே தரம்தான் கேட்டாள். அந்தப் பெரியவர், பேர் மறந்துவிட்டது, பம்பாயில் மகன். மாதம் ஒரு தரம் வந்து கால் புக் பண்ணுவார். மூன்று நிமிஷமும் மழை பெய்ததா, சாப்பிட்டாயா, மழை பெய்ததா, இதையே பேசுவார். ஒருநாள், நீட்டிக்கவா ஐயா என்று கேட்டாள். கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு, "வேண்டாம்மா" என்றார். பிடுங்கினாள். பிடுங்குகிற நேரத்தில், எலேய் என்று அவர் மகனைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. எலேய், அப்புறம் ஒன்றுமில்லை. என்ன சொல்ல வந்தாரோ. மறுபடி மாட்டிக் கொடுத்திருக்கலாம். அடுத்த கால் சாத்தூருக்கு, அதைப் போட்டாள். முப்பத்தைந்து வருஷம் எங்கோ கிடந்தவர், இத்தனை ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு எலேய், எலேய் என்கிறார்.

ஐயா, நீங்களும் சும்மா இருங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். சொல்லிவிடலாம். இந்த ஓவர், ஓவர் என்று இதில் கிடையாதோ, இந்த ஆள் அவுட் ஆனதும் சொல்லிவிடலாம். அவுட் ஆனான். அடுத்தவன் வந்தான். கோமதி பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. இவளை எப்படி விட்டுவிட்டு? குழந்தையைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் பேர் கொடுத்திருக்கிறார்கள், ஆகஸ்டில்தான் இடம் வருமாம். அதுவரைக்கும் இருந்தால் என்ன? ஆகஸ்ட் முடிந்தால் சளி, அப்புறம் முதல் பிறந்தநாள், அப்புறம் பனி. பனி என்றதும் முதுகெலும்புக்குள் ஏதோ வழுக்கியது. பனியில் செத்துப்போனால்? பெட்டியில் போட்டு அனுப்புவார்களாமே. சீ, என்ன நினைப்பு. இந்தப் பெண்ணுக்கே புரிய வேண்டாமா? பத்து வயதில், எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் வீட்டுக்குக் கூட்டிப்போனபோது அந்த அம்மாள் லட்டை நீட்டின உடனே இவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சண்முகவடிவு சிரித்த முகத்தோடு பாவாடைக்கு மேலேயே தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். நகம் பட்டு ரத்தம் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், கேட்ட உடனே வாங்கப்படாது, வேண்டாம்னு சொல்லணும், மறுபடி கேட்டாத்தான் வாங்கணும் என்று பாடம். நன்றாகப் படித்தாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் யாரோ வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்லி, அவர்கள் அடுத்த தரம் கேட்காமல் தட்டுகளை எடுத்துவைத்துவிட, பசியோடு அறைக்குத் திரும்பி போனில் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இங்க யாரும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டாங்கம்மா" என்றாள். அப்படி அடிபட்டுத் தெரிந்தவள். அவளுக்குத் தெரியாதா அம்மாவின் வேண்டாம் எந்த வேண்டாம் என்று? தெரிந்துமா அன்றைக்குத் தோசையை எடுத்துக்கொண்டு போனாள்? இந்த இடத்துக்கு வந்ததும் சண்முகவடிவின் நினைப்பு அப்படியே நின்றுவிடும். மூன்று வாரமாக இங்கேதான் நிற்கிறது. மேலே போகப் பயம்.

குழந்தை சிணுங்கியது. நந்தகுமார் மூக்கைச் சுளித்துச் சிரித்துவிட்டு, துணி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்து போனார். கடலை விற்கிறவன் படியில் ஏறிவந்தான், கத்திக்கொண்டே பொட்டலத்தைப் பத்து வரிசை தாண்டி எறிந்தான், அங்கே ஒருவர் பிடித்துக்கொண்டார். தண்ணீர் விற்கிறவன் வேறு பக்கம் போனான். இப்போது அவளும் கோமதியும் மட்டும். இப்போது சொல்லலாம். எச்சிலைக் கூட்டி விழுங்கினாள், எச்சில் இல்லை. கோமு என்று ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் வந்துவிடும். ஆரம்பித்தாள், "கோமு." அவள் திரும்பினாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல. அந்தச் சுவரு விழுந்துராதா?" "விழாதும்மா, கம்பி வச்சிருக்காங்கல்ல." ஆமாம், கம்பி வைத்திருக்கிறார்கள்.

திடீரென்று மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. முன் வரிசை, பின் வரிசை, எதிர்ப்பக்கம், கிழவர் கிழவி, பிள்ளைகுட்டி எல்லாரும். அப்பாடா, முடிந்தது. சண்முகவடிவுக்கு உடம்பெல்லாம் ஒரு நிம்மதி இறங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, படியைப் பார்த்து இரண்டு எட்டு வைத்துவிட்டாள். கோமதி கையைப் பிடித்தாள். "எங்கம்மா போற? முடியல. ஏழாவது இன்னிங்ஸ் நடுவுல எல்லாரும் சும்மா எந்திரிச்சுக் கால நீட்டுவாங்க, பாடுவாங்க. இன்னும் ரெண்டரை இன்னிங்ஸ் இருக்கு." இன்னும் இருக்கிறதா? சுற்றிலும் எல்லாரும் தோளோடு தோள் சேர்த்து ஆடிக்கொண்டு பாடினார்கள். இன்னும் இருக்கிறது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாக்கில் இல்லாத தண்ணீர் கண்ணுக்கு எங்கிருந்து வந்ததோ.

"கோமு, நான் ஊருக்குப் போறேன்," என்றாள். "பதினெட்டாம் தேதியே போறேன். என்னால முடியல."

பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோமதி உட்கார்ந்தாள். அவளும் உட்கார்ந்தாள்.

"சரிம்மா," என்றாள் கோமதி.

அவ்வளவுதான். சண்முகவடிவு காத்திருந்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது, இனி எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இரேன் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லக்கூடாதா? இருக்கப் போவதில்லை, இருந்தாலும் கேட்கலாமே. மேட்டில் இருந்தவன் எறிந்தான், கட்டைக்காரன் விட்டுவிட்டான். ஒன்று. கோமதி பேசவில்லை. மறுபடி எறிந்தான், வீசினான், படவில்லை. இரண்டு. மூன்றாவதையும் விட்டான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்து போனான். ஐந்து மாதம் வளர்த்த பேத்தி, ஆறு மாதம் பிடித்த கரண்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு சரிம்மா.

"அன்னைக்கே எனக்குத் தெரியும்மா," என்றாள் கோமதி. மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்னது?"

"தோசை சுடும்போது வேண்டாம்னு சொன்னியே. அது வேண்டாம் இல்லன்னு தெரியும். தொடையில இன்னும் தழும்பு இருக்கு, எப்படித் தெரியாமப் போகும்? இன்னொரு தரம் கேட்டா போறேன்னு சொல்லிருவ. அதான் கேக்கல." மூக்கை உறிஞ்சினாள். "தனியா எப்படிப் பாத்துக்கப் போறேன்னு பயமா இருந்துச்சும்மா. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

மூன்று வாரம். மூன்று வாரமாக அவள் முள்ளை விழுங்கிக்கொண்டு கிடக்க, இவள் தெரிந்தேதான். கோபம் வந்தது, நன்றாகவே வந்தது. கிள்ள வேண்டும்போலக் கைகூட எழுந்தது. அது பாதியில் இறங்கி மகளின் முதுகில் போய் உட்கார்ந்தது. சட்டைக்குள் முதுகெலும்பு கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கைக்குத் தட்டுப்பட்டது. பிள்ளை பெற்றவள் முதுகா இது? வாய் மறுபடியும் தன் பாட்டுக்கு, "அப்படின்னா, ஆகஸ்டு வரைக்கும் வேணும்னா" என்று ஆரம்பித்தது.

"பேசாத," என்றாள் கோமதி. ஆறு மாதத்தில் முதல் தரமாக ஊர்ப்பேச்சு அவள் வாயில் வந்தது. "இருன்னு இப்ப இன்னொரு தரம் கேட்டம்னா நீ இருந்துருவ. அதனால கேக்க மாட்டேன். வாய மூடிக்கிட்டு உக்காந்துருக்கேன், பாத்துக்கோ."

வெயில் கொஞ்சம் இறங்கி அந்தச் சுவரின் ஜன்னல்கள் வழியாக வந்தது. கீழே எவனோ நன்றாக அடித்துவிட்டான் போல, சனங்கள் கத்தினார்கள். தூரத்தில் நந்தகுமார் குழந்தையோடு படியிறங்கி வருவது தெரிந்தது.

"கோமு, எனக்குத் தண்ணி வேணும்," என்றாள். "வந்ததுலேர்ந்து தாகம்."

கோமதி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதே கேட்டாரே என்று சொல்ல வந்தவள் சொல்லாமல் எழுந்து, முட்டிகளைத் தாண்டித் தாண்டி, படியில் ஏறி ஓடினாள். திரும்பி வரும்போது கையில் இரண்டு பாட்டில் இருந்தது. ஒன்று போதுமே என்று சொல்ல வாயெடுத்த சண்முகவடிவு, அப்படியே மூடிக்கொண்டு, இரண்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.